ரூமில் சமைக்கத் தொடங்குகிறவர்களுக்கு: முதலில் கழுநீரைக் கொட்டாதீர்கள்

ஜூன், ஜூலை வந்தால் காரைக்குடித் தெருக்களில் வாடகைக்கு அறை தேடும் முகங்கள் தெரிய ஆரம்பித்துவிடும். அழகப்பா பல்கலைக்கழகத்துக்கும் சுற்றியுள்ள கல்லூரிகளுக்கும் படிக்க வருகிற பிள்ளைகள். நானும் 2013இல் அப்படி வந்தவன்தான். வேதியியல் முதுகலை படிக்க, தருமபுரிப் பக்கத்திலிருந்து ஒரு பெட்டியும் பாயுமாக வந்து இறங்கினேன். படிப்பு முடிந்தும் ஊரை விட மனம் வரவில்லை, இங்கேயே டியூஷன் எடுத்துக்கொண்டு தங்கிவிட்டேன். என்னிடம் படிக்கிற பிள்ளைகளில் யாராவது ஒருவர் வருஷம் தவறாமல் கேட்பார்: "சார், மெஸ் சாப்பாடு ஒத்துக்கல. ரூம்லயே பொங்கிக்கலாம்னு இருக்கோம். எதுல ஆரம்பிக்கிறது?" அவர்களுக்கு வாயால் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

எனக்கும் மெஸ்தான் காரணம். இரண்டு வேளைக்கு மாதம் 1,800 ரூபாய் கட்டினேன். மூன்றாம் மாதம் வயிறு கெட்டுப் பத்து நாள் கிடந்தேன். நான் இருந்தது கழனிவாசல் பக்கம், ஒரு பழைய வீட்டின் பின்கட்டு அறையில். முன்பக்கம் வீட்டுக்கார ஆச்சி தனியாக இருந்தார். பிள்ளைகள் எல்லாம் சென்னையிலும் சிங்கப்பூரிலும். அவர் ரசமும் சோறும் கொடுத்துவிட்டுத்தான் எழுந்து உட்கார்ந்தேன். "எத்தன நாளைக்குத் தம்பி நான் குடுக்க முடியும்? ஒரு அடுப்ப வாங்கு, சொல்லித் தாரேன்" என்றார். இன்றுவரை என் சமையல் அந்த ஆச்சி கொடுத்ததுதான்.

செட்டிநாட்டுச் சமையல் என்றதும் கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ, மிளகுக் கோழி என்று நினைத்துப் பயந்துவிடாதீர்கள். அது விருந்துச் சமையல், ஓட்டல் பலகைச் சமையல். இந்த ஊர் வீடுகளில் நாள்தோறும் அடுப்பில் ஏறுவது வேறு. இது மழையை நம்பிய வறண்ட சீமை. கண்மாய் நிறைந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. காய் கிடைக்கிற காலத்தில் வற்றல் போட்டு வைத்து, கிடைக்காத காலத்தில் அதையே குழம்பாக்கி, அரிசி கழுவிய தண்ணீரைக்கூட வீணாக்காமல் சமைக்கப் பழகிய சீமை. அந்த அன்றாடச் சமையலுக்கு வேண்டியது புளி, சின்ன வெங்காயம், பூண்டு, மிளகாய், நல்லெண்ணெய். ஒற்றை அடுப்பும் குறைந்த பணமும் வைத்திருக்கிற மாணவனுக்கு இதைவிடப் பொருத்தமான சமையல் எனக்குத் தெரியவில்லை.

சரி, முதலில் சாமான்.

அடுப்புக்கு 5 கிலோ சிலிண்டர் போதும். அடையாள அட்டையைக் காட்டினால் முகவரிச் சான்று கேட்காமலே கொடுக்கிறார்கள். வாடகை வீட்டுப் பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி. தனியாளாகச் சமைத்தால் எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஓடும். இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கலாம், ஆனால் கரண்ட் பில் யார் கணக்கு என்று வீட்டுக்காரரிடம் முன்பே பேசிவிடுங்கள். இன்னொன்று, அதில் மண்சட்டி வேலை செய்யாது. மண்சட்டிதான் நான் முதலில் வாங்கச் சொல்லும் பாத்திரம் என்பதால் என் ஓட்டு கேஸ் அடுப்புக்கே.

பாத்திரம் நான்கு: 3 லிட்டர் குக்கர், மூடியோடு ஒரு மண்சட்டி, தாளிக்கவும் பொரிக்கவும் சின்ன இருப்புச்சட்டி, இஞ்சி பூண்டு தட்டுகிற கல் உரல். மிக்ஸி பிறகு பார்த்துக்கொள்ளலாம். நான் இரண்டு வருஷம் மிக்ஸி இல்லாமலே ஓட்டினேன். மண்சட்டிக்கு நம் மாவட்டத்து மானாமதுரையே பெயர் பெற்ற ஊர், அங்கிருந்து வருவதாகப் பார்த்து வாங்குங்கள். வாங்கியதும் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப் போடுங்கள். மறுநாள் அதில் அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றிச் சின்னத் தீயில் கொதிக்கவிட்டு ஆறியபின் கொட்டுங்கள். இரண்டு மூன்று நாள் இப்படிச் செய்தால் சட்டி பழகிவிடும், மண் வாடையும் போய்விடும்.

முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகள் இருக்கின்றன. பித்தளைச் சட்டியும் பூப்போட்ட எனாமல் தூக்கும் பார்க்க அவ்வளவு அழகு. ஆசைப்பட்டு வாங்கி அதில் புளிக்குழம்பு வைத்துவிடாதீர்கள். ஈயம் பூசாத பித்தளையைப் புளி அரித்துக் குழம்பில் இறக்கிவிடும். இருப்புச்சட்டியிலும் புளி வைத்தால் கறுத்து, இரும்பு வாடை அடிக்கும். புளிக்கு மண்சட்டி, இல்லாவிட்டால் எவர்சில்வர்.

காய்க்கு வாரச்சந்தை. மாலை ஐந்தரைக்குமேல் போங்கள். காலையில் எடை போட்டு விற்கிறவர்கள் அந்நேரம் சாக்கை விரித்துக் கூறு கட்டிவிடுவார்கள். ஒரு கூறு கத்திரிக்காய், ஒரு கூறு வெண்டைக்காய், அப்புறம் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் கொசுறு. ஒரு ஆளுக்கு அரைக் கூறே போதும், அதனால் பக்கத்து அறைக்காரரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வெண்டைக்காயை வாங்கும்போது நுனியை ஒடித்துப் பாருங்கள். டக்கென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல்.

இப்போது சோறு. புழுங்கல் அரிசி ஒரு டம்ளர், சுமார் 160 கிராம். பசிக்கிற வயதுப் பிள்ளைக்கு இது ஒரு வேளை, எனக்கு இப்போது ஒன்றரை வேளை. இரண்டு முறை கழுவி அரை மணி நேரம் ஊறவிடுங்கள். ஊறினால் கேஸ் மிச்சம், சோறும் மலர்ந்து வரும். ஒன்றுக்கு மூன்று தண்ணீர், குக்கரில் நான்கு விசில். பழைய அரிசி என்றால் கால் டம்ளர் கூட ஊற்றுங்கள். பச்சரிசிக்கு இரண்டரை போதும். முதல் நாள் குழைந்து போகலாம், மறுநாள் அரை டம்ளர் குறையுங்கள். நீங்கள் வாங்குகிற அரிசி உங்களுக்கே மூன்று நாளில் பிடிபட்டுவிடும்.

அந்த இரண்டாவது கழுவலில்தான் விஷயம் இருக்கிறது. நான் முதல் நாள் அரிசியைக் கழுவிக் கிணற்றடியில் கொட்டப் போனேன். ஆச்சி பின்கட்டு வாசலிலிருந்தே கையை நீட்டிவிட்டார். "கொட்டாத தம்பி. மொதத் தண்ணியக் கொட்டு, ரெண்டாவதக் குண்டான்ல புடி. அதுதான் மண்டி." முதல் கழுவலில் தூசியும் தவிடும் போய்விடும். இரண்டாவதில் கையால் நன்றாக அலசிப் பிசைந்தால் பால்போல் வெள்ளையாக ஒரு தண்ணீர் வரும். மாவுச்சத்துள்ள தண்ணீர் அது. அதில் புளியைக் கரைத்து வைப்பதுதான் இந்த ஊர் மண்டி. தேங்காய் அரைக்க வேண்டாம், பருப்பு வேக வைக்க வேண்டாம், பொடி ஒன்றும் வேண்டாம். கழுநீரே குழம்புக்குப் பிடிப்புக் கொடுத்துவிடும்.

அன்று ஆச்சி செய்து காட்டிய வெண்டைக்காய் மண்டியை அப்படியே சொல்கிறேன்.

இரண்டு டம்ளர் கழுநீரில் பெரிய நெல்லிக்காய் அளவு புளியைப் போட்டு ஓரமாக வைத்தார். கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக வெண்டைக்காய், கழுவித் துணியால் ஈரம் போகத் துடைத்து, விரல் மூட்டு நீளத்துக்கு நறுக்கினார். நறுக்கியபின் கழுவக் கூடாது, கொழகொழவென்று ஆகிவிடும். சின்ன வெங்காயம் பதினைந்து, பூண்டு பத்துப் பல் முழுசாக, பச்சை மிளகாய் நான்கு கீறி, தக்காளி ஒன்று. மண்சட்டி சூடானதும் நல்லெண்ணெய் மூன்று கரண்டி. கரண்டி என்றால் மேசைக்கரண்டி. கடுகு வெடித்ததும் உளுந்தம்பருப்பு, அது சிவந்தபின் கால் ஸ்பூன் வெந்தயம். "வெந்தயத்தக் கடைசில போடு. நிறம் மாறுறதுக்குள்ள வெங்காயத்தப் போட்டுறணும். கருகிட்டா சட்டி முழுக்கக் கசக்கும்" என்றார். வெங்காயம், பூண்டு, மிளகாய் வதங்கிப் பூண்டின் ஓரம் லேசாகச் சிவந்ததும் வெண்டைக்காய்.

இங்கேதான் பொறுமை வேண்டும். மூடி போடக் கூடாது. கரண்டியால் நூல் நூலாக இழுபடும். அப்படியே நடுத்தீயில் ஆறேழு நிமிஷம் புரட்டிக்கொண்டே இருந்தால் நூல் இழுப்பது நின்று, காய் பளபளவென்று தனித்தனியாக நிற்கும். அப்போது தக்காளி, உப்பு. தக்காளி கரைந்ததும் கழுநீரில் ஊறிய புளியைப் பிசைந்து வடிகட்டி ஊற்றி, பத்து நிமிஷம் கொதி. ஆச்சி சொன்ன அடையாளத்தையே நானும் சொல்கிறேன்: கரண்டியை எடுத்துப் பின்பக்கம் பார்த்தால் மெல்லிய பால் ஆடைபோல் ஒட்டியிருக்க வேண்டும், ஓரத்தில் எண்ணெய் கண் கண்ணாகத் தெரிய வேண்டும். பட்டாணி அளவு வெல்லம் போட்டு அடுப்பை அணைத்துவிடுங்கள். மண்சட்டி அணைத்த பிறகும் நான்கைந்து நிமிஷம் கொதிக்கும், அதனால் கொஞ்சம் இளக்கமாக இருக்கும்போதே இறக்க வேண்டும்.

அன்று நான் அந்தப் பின்கட்டுப் படியில் உட்கார்ந்து மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டேன். அறைக்கு வந்தபின் அம்மாவுக்குப் போன் போட்டு மண்டி வைத்த கதையைச் சொன்னேன். எங்கள் ஊர்ப் பக்கம் கழுநீர் மாட்டுக்குத்தான் போகும், அம்மாவுக்கு நம்பவே முடியவில்லை.

கத்திரிக்காய், மொச்சை, கறுப்புக் கொண்டைக்கடலை, மாவற்றல் எதிலும் மண்டி வைக்கலாம். கடலையை முதல் நாள் இரவே எட்டு மணி நேரம் ஊறப் போட்டுத் தனியாக வேக வைத்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். இதில் நான் ஒரு முறை பட்டிருக்கிறேன். அவசரத்துக்கு ஊறிய கடலையை நேரே புளித்தண்ணீரில் போட்டுக் கொதிக்க விட்டேன். ஒரு மணி நேரம் கேஸ் எரிந்தும் கடலை கல்லாகவே இருந்தது. புளிப்பு இருக்கும் தண்ணீரில் காயின் நார்ப்பசையும் பருப்பின் தோலும் இளகாது. வேதியியல் படித்தவனுக்கு அது புத்தகத்தில் தெரியும், சட்டியில்தான் தெரியவில்லை. அதனால் எதுவானாலும் வெந்தபின் புளி. வெண்டைக்காய்க்கு மட்டும் வதக்கலே வேக்காடு.

மண்டி பழகியதும் புளிக்குழம்புக்கு வாருங்கள். கட்டு அதேதான், கழுநீருக்குப் பதில் வெறும் தண்ணீர், பச்சை மிளகாய்க்குப் பதில் குழம்பு மிளகாய்த்தூள். எலுமிச்சை அளவு புளி, இரண்டு டம்ளர் தண்ணீர், தூள் இரண்டு ஸ்பூன், மஞ்சள்தூள் கால் ஸ்பூன், உப்பு ஒன்றரை ஸ்பூன். வெங்காயமும் பூண்டும் வதங்கியபின் தீயை முழுக்கக் குறைத்துவிட்டுத் தூளைப் போட்டு, நாலே புரட்டு, உடனே புளித்தண்ணீர். தூள் எண்ணெயில் அரை நிமிஷம் கூட நின்றால் கருகிவிடும், பிறகு எதைப் போட்டாலும் அந்தக் கசப்பு போகாது. பச்சை வாடை போகப் பன்னிரண்டு, பதினைந்து நிமிஷம் கொதிக்க வேண்டும். மேலே எண்ணெய் பிரிந்து மிதந்தால் ஆயிற்று.

இந்த ஒரு குழம்பு தெரிந்தால் போதும், மாதத்தில் பாதி நாள் சமாளித்துவிடலாம். பூண்டு இருபது பல் போட்டால் பூண்டுக் குழம்பு. சுண்டை வற்றலோ கத்திரி வற்றலோ எண்ணெயில் பொரித்துப் போட்டால் வற்றல் குழம்பு. மாதக் கடைசியில் காய்க்குக் காசில்லாத நாளில் அதுதான் என்னைக் காப்பாற்றியது. கொதிக்கும் குழம்பில் முட்டையை உடைத்து ஊற்றினால் முட்டைக் குழம்பு. முட்டையைத் தனியாக ஒரு கிண்ணத்தில் உடைத்து, தீயைக் குறைத்து, சட்டி ஓரமாக மெல்ல நழுவ விடுங்கள். மூடிவிட்டு ஐந்து நிமிஷம் கரண்டியே போடாதீர்கள், போட்டால் சிதறிவிடும். ஆளுக்கு இரண்டு முட்டை கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். படிக்கிற வயதில் வெறும் சோறும் புளியுமாக ஓட்டினால் உடம்பு தாங்காது. முட்டை, கடலை, பருப்பு மூன்றில் ஒன்று தினமும் தட்டில் இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

புளிக்குழம்பு ஃபிரிட்ஜ் இல்லாமலும் மறுநாள் வரை தாங்கும். இரவு ஒரு தடவை, காலையில் ஒரு தடவை நன்றாகக் கொதிக்க வையுங்கள், ஈரக் கரண்டி போடாதீர்கள். முட்டை போட்டதும் பருப்புப் போட்டதும் அப்படியல்ல, அன்றே தீர்த்துவிட வேண்டும். சித்திரை வைகாசி வெயிலில் மதியம் வைத்த பருப்புக் குழம்பு சாயங்காலமே நுரைத்துவிடும்.

பருப்பு நாளை எளிதாக முடிக்கலாம். அரை டம்ளர் துவரம்பருப்பு, ஒன்றரை டம்ளர் தண்ணீர், மஞ்சள்தூள், ஒரு சொட்டு எண்ணெய், நான்கு விசில். மேலே நிற்கிற பருப்புத் தண்ணீரை இறுத்து ரசத்துக்கு வைத்துக்கொண்டு, கெட்டியை மசித்து உப்பும் தாளிப்பும் போட்டுச் சோற்றில் பிசைந்துகொள்ளுங்கள். ரசத்துக்கு ஒரு ஸ்பூன் மிளகு, ஒரு ஸ்பூன் சீரகம், நான்கு பல் பூண்டு, உரலில் ஒன்றிரண்டாகத் தட்டினால் போதும். ரசம் நுரை கட்டிப் பொங்கி வரும்போது அணைத்துவிட வேண்டும், கொதிக்கவிட்டால் மணம் போய்விடும்.

இட்லி மாவு கடையில் வாங்குகிற நாளில் கோசமல்லி செய்து பாருங்கள். நான்கு கத்திரிக்காயைக் குக்கரில் இரண்டு விசில் வேக வைத்துத் தோலை உரித்து, கையாலேயே மசித்து, நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து ஊற்றி, கடுகு, வெங்காயம், பச்சை மிளகாய் தாளித்துக் கொட்டி ஒரு கொதி. பத்து இட்லிக்கு வரும். தேங்காய் விலை ஏறுகிற நாட்களில் சட்னியை மறந்துவிடலாம்.

காலைக்கு நான் பெரும்பாலும் தனியாக எதுவும் செய்வதில்லை. இரவு மிஞ்சிய சோறு ஆறியதும் தண்ணீர் ஊற்றி வைத்தால் விடிகாலையில் பழைய சோறு. உப்பு, கொஞ்சம் மோர், நான்கு சின்ன வெங்காயம், முந்தின நாள் குழம்பின் அடி வண்டல் அல்லது பொரித்த மோர்மிளகாய். எட்டரைக்கு வகுப்புக்கு நடந்து போகிறவனுக்கு மதியம் வரை தாங்கும். சோறு சூடாக இருக்கும்போதே தண்ணீர் ஊற்றாதீர்கள், வழவழத்துக் கெட்டுப் போகும். தண்ணீர் ஊற்றாமல் வெறுமனே இரவு முழுக்கத் திறந்து கிடந்த சோற்றைக் காலையில் சூடாக்கிச் சாப்பிடவும் வேண்டாம், வயிற்றுக்கு ஆகாது.

காசுக் கணக்கு கேட்பீர்கள். அந்த வருஷம் நான் சமைக்க ஆரம்பித்த முதல் முழு மாதத்தில் அரிசி, பருப்பு, எண்ணெய், காய், முட்டை, கேஸ் எல்லாம் சேர்த்து 1,150 ரூபாய் ஆயிற்று, மூன்று வேளைக்கும். இன்றைக்கு விலைவாசி எங்கேயோ போய்விட்டது, தொகை மாறும். செலவு எங்கே ஏறும் என்பது மட்டும் மாறவில்லை. அரிசியில் ஏறாது, எண்ணெயிலும் பாதி அழுகித் தூக்கிப் போடுகிற காயிலும்தான் ஏறும். நல்லெண்ணெயைக் குழம்புக்கும் மண்டிக்கும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதுக்குக் கடலெண்ணெய் ஊற்றுங்கள். காயை மூன்று நாளைக்குமேல் வாங்கி வைக்காதீர்கள். சின்ன வெங்காயம் விலை ஏறினால் பாதி பெரிய வெங்காயம் கலந்துகொள்ளலாம். நான்கு சின்ன வெங்காயமாவது சட்டிக்குள் விழட்டும், அது தரும் இனிப்பைப் பெரிய வெங்காயம் தராது.

குழம்பு தீர்ந்த அன்றைக்குச் சட்டியைக் கழுவ அவசரப்படாதீர்கள். ஓரமெல்லாம் எண்ணெயும் மசாலும் ஒட்டியிருக்கும். ஒரு கைப்பிடி சுடு சோற்றைச் சட்டிக்குள்ளேயே போட்டு, அரை ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு, சுற்றி வழித்துப் பிசைந்து சாப்பிடுங்கள். குழம்பு ஊற்றிய சோற்றைவிட அதுதான் ருசி. எங்கள் வகுப்பில் மூன்று பேர் சேர்ந்து பொங்கிய காலத்தில் அதற்கு முறை வைத்துக்கொண்டோம், திங்கள் ஒருவன், புதன் ஒருவன், வெள்ளி ஒருவன். அப்புறம் சட்டியில் வெந்நீர் ஊற்றி ஊறவிட்டு, சோப்புப் போடாமல் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, வெயிலில் கவிழ்த்து வையுங்கள். சோப்புப் போட்டால் மண் அதைக் குடித்து அடுத்த குழம்பில் கக்கிவிடும்.